பொதுப் பூங்கா பிக்கிள்பால் கோர்ட்டுக்குக் கட்டணமா? நியூ ஜெர்சித் தமிழர்கள் கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவில் பல ஊர்களின் கவுன்சில் கூட்டங்களில் இப்போது இந்தப் பேச்சு அடிபடுகிறது: பூங்காவில் திறந்தவெளியில் இருக்கும் பிக்கிள்பால் கோர்ட்டில் விளையாட ஆள் ஒன்றுக்குக் காசு வாங்கலாமா? பேடில் என்ற கெட்டியான மட்டையால் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தை வலைக்கு மேலே அடித்து ஆடுவதுதான் பிக்கிள்பால். நியூ ஜெர்சியில் நம்மவர்கள் நிறையப் பேர் விளையாடுகிறார்கள். ஆனால் கூட்டத்துக்குப் போய்ப் பேசுபவர்கள் குறைவு. கோர்ட் ஓரத்தில் முறைக்குக் காத்திருக்கும்போதும் வாட்ஸ்அப் குழுக்களிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எனக்கு இதில் தெளிவான கருத்து உண்டு, அதையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறேன்.

இத்தனை வருடம் இல்லாத கட்டணப் பேச்சு இப்போது ஏன்?

கூட்டம்தான் காரணம். பிக்கிள்பால் 1965-லேயே பிறந்த ஆட்டம். வாஷிங்டன் மாநிலத்தின் பெயின்பிரிட்ஜ் தீவில் ஜோயல் பிரிட்சர்ட், பில் பெல், பார்னி மெக்கல்லம் ஆகிய மூவரும் வீட்டுக் குழந்தைகளின் கோடை விடுமுறைப் பொழுதுபோக்காக உருவாக்கியது. அதற்கப்புறம் ஐம்பது வருடத்துக்கு மேல் சிறு வட்டத்துக்குள்ளேயே இருந்தது. கோவிட் காலத்தில் நிலைமை தலைகீழானது. விளையாட்டுத் தொழில்துறைச் சங்கமான எஸ்.எஃப்.ஐ.ஏ. கணக்குப்படி அமெரிக்காவில் 2021-ல் 48 லட்சம் பேர் விளையாடினார்கள். 2024-ல் அது 1 கோடியே 98 லட்சம். மூன்று வருடத்தில் நான்கு மடங்கு.

டவுன்ஷிப்கள், அதாவது ஊர் நிர்வாகங்கள், பழைய டென்னிஸ் கோர்ட்டுகளில் கோடு போட்டுக் கொடுத்தன. பிறகு தனிக் கோர்ட் கட்டின. இப்போது தரை வெடிக்கிறது, வலை கிழிகிறது, பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் தாங்கவில்லை என்கிறார், சனிக்கிழமை காலையில் பார்க்கிங் கிடைப்பதில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தாகக் கட்டணத்தை யாராவது முன்வைக்கிறார்கள்.

நாங்கள்தான் சொத்து வரி கட்டுகிறோமே, மறுபடியும் எதற்குக் காசு?

நியாயமான கோபம். நியூ ஜெர்சியில் ஒரு வீட்டின் சராசரி சொத்து வரி 2024-ல் 10,000 டாலரைத் தாண்டியது. நாட்டிலேயே மிக அதிகமான சொத்து வரிகளில் இதுவும் ஒன்று. வாடகை வீட்டில் இருப்பவரும் இந்த வரியை வாடகைக்குள் சேர்த்துத்தான் கட்டுகிறார். அதனால் "வாடகைக்காரர் என்ன வரி கட்டுகிறார்" என்று யாராவது மைக்கில் கேட்டால் அமைதியாக இதைச் சொல்லுங்கள்.

ஆனால் ஒரு விஷயத்தையும் நினைவில் வைக்க வேண்டும். அந்த வரியில் பெரும்பகுதி பள்ளிக்கூடத்துக்கும், பல ஊர்கள் சேர்ந்த மாவட்டம் போன்ற கவுன்டிக்கும் போகிறது. டவுன்ஷிப்பின் பங்கு அதில் ஒரு துண்டுதான். போலீஸ், சாலை, குப்பை எல்லாம் போக மிஞ்சுவதில்தான் பூங்காத் துறை வாழ்கிறது. "ஏற்கெனவே கட்டிவிட்டோம்" என்ற வாதம் சரிதான். ஆனால் அதை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தால், "அப்படியானால் வெடித்த தரையை எந்தப் பணத்தில் சரிசெய்வது?" என்ற கேள்விக்கு நம்மிடம் பதில் இருக்காது.

திறந்தவெளிக் கோர்ட்டில் அப்படி என்ன செலவு?

அடியில் ஆஸ்ஃபால்ட், மேலே அக்ரிலிக் பூச்சு. வடகிழக்கு மாநிலங்களின் குளிர்காலத்தில் விரிசலுக்குள் போன தண்ணீர் உறைந்து விரிவடையும், பிறகு உருகும். ஒவ்வொரு வருடமும் இது நடப்பதால் மயிரிழை விரிசல் இரண்டு மூன்று வருடத்தில் விரல் நுழையும் பிளவாகிவிடும். மேல்பூச்சைச் சுமார் நான்கிலிருந்து எட்டு வருடத்துக்குள் புதுப்பித்தாக வேண்டும். அடித்தளமே போய்விட்டால் தோண்டி மறுபடி போடுவதுதான் வழி. இதுதான் பெரிய செலவு. வலை, காற்றுத் தடுப்புத் துணி, கோடு அடிப்பது எல்லாம் சின்னச் செலவு. விளக்கு இருந்தால் மின்சாரம் தனி.

இங்கே கவனிக்க வேண்டியது, வருடா வருடம் வரும் செலவு குறைவு, சில வருடத்துக்கு ஒருமுறை வரும் செலவு பெரிது. பல ஊர்கள் கோர்ட் கட்டும்போது அரசு மானியம் வாங்கிக் கட்டிவிட்டு, இந்தப் பெரிய செலவுக்கு ஒன்றும் ஒதுக்கி வைப்பதில்லை. அப்புறம் தரை வெடித்ததும் விளையாடுபவர்கள் பக்கம் திரும்புகிறார்கள். திட்டமிடாதது ஒருவர், பில் இன்னொருவருக்கு.

டென்னிஸ் கோர்ட் இலவசம், பிக்கிள்பாலுக்கு மட்டும் கட்டணம். இது என்ன நியாயம்?

நியாயமே இல்லை. அளவை வைத்துப் பாருங்கள். பிக்கிள்பால் கோர்ட் 20 அடிக்கு 44 அடி. பேட்மின்டன் இரட்டையர் கோர்ட்டின் அளவேதான். சுற்றுவெளியோடு ஒரு டென்னிஸ் கோர்ட் பிடிக்கும் 60-க்கு 120 அடி இடத்தில் நான்கு பிக்கிள்பால் கோர்ட் அடங்கும். டென்னிஸில் அந்த இடத்தில் இரண்டு பேரோ நான்கு பேரோ ஆடுவார்கள். பிக்கிள்பாலில் ஒரே நேரத்தில் பதினாறு பேர். ஓரத்தில் பேடிலை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் வேறு. சதுர அடிக்கு இவ்வளவு பேருக்குப் பயன்படும் இடம் பூங்காவில் வேறு எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

கூடைப்பந்து இலவசம், டென்னிஸ் இலவசம், நடைபாதை இலவசம் என்று வைத்துக்கொண்டு இதற்கு மட்டும் கட்டணம் போட்டால், கூட்டம் சேர்த்ததற்கு அபராதம் போடுவது போலத்தான். வாங்குவதானால் எல்லா ராக்கெட் ஆட்டத்துக்கும் ஒரே விதி வேண்டும்.

அப்படியானால் கட்டணமே கூடாது என்கிறீர்களா?

இல்லை. என் கருத்து இதுதான்: பொதுக் கோர்ட்டுக்கு வந்து, பேடிலை வரிசையில் வைத்து, முறை வந்ததும் ஆடிவிட்டுப் போகிறவரிடம் ஒரு காசும் வாங்கக் கூடாது. பொதுவில் இருக்கும் கோர்ட்டைக் கொஞ்ச நேரம் தனக்கு மட்டும் என்று எடுத்துக்கொள்பவரிடம் வாங்க வேண்டும்.

யார் அவர்கள்? மணிக் கணக்கில் முன்பதிவு செய்து நண்பர்களோடு மட்டும் ஆடுபவர், காசு வாங்கிக்கொண்டு பயிற்சி கொடுக்கும் கோச், லீக் நடத்தும் குழு, டோர்னமென்ட் நடத்தும் சங்கம். இதில் நம் தமிழ்ச் சங்கங்களும் அடக்கம். பொங்கல் டோர்னமென்ட், தீபாவளி டோர்னமென்ட் என்று ஒரு முழு நாளுக்குக் கோர்ட்டை எடுத்துக்கொண்டு அணிக்கு இவ்வளவு என்று நுழைவுக் கட்டணம் வாங்கும்போது, அதில் ஒரு பங்கு டவுன்ஷிப்புக்குப் போவதுதான் முறை. அன்று வரிசையில் நிற்க வந்த மற்றவர்கள் திரும்பிப் போகிறார்கள் அல்லவா?

இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் விவாதம் பாதி தெளிந்துவிடும். "பயனாளர் கட்டணம்" என்று ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுவதால்தான் இரண்டு பக்கமும் கத்திக்கொண்டே இருக்கின்றன.

காசு வாங்கினால் கூட்டம் குறையுமே, அது நல்லதுதானே?

குறையும். யார் குறைவார்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.

நியூயார்க் நகரப் பூங்காக்களில் டென்னிஸ் ஆடப் பெர்மிட் வேண்டும். பெரியவர்களுக்குப் பருவம் முழுவதற்கும் 100 டாலராக இருந்ததை 2011-ல் ஒரேயடியாக 200 ஆக்கினார்கள். பெர்மிட் வாங்குபவர்கள் எண்ணிக்கை சட்டென்று விழுந்தது. பின்னாளில் கட்டணம் மறுபடி 100-க்கே வந்தது. விட்டுப் போனவர்கள் யார் என்று யோசியுங்கள். வாரம் நான்கு நாள் ஆடுபவருக்கு 200 டாலர் இருந்தாலும் லாபம்தான், அவர் போகமாட்டார். எப்போதாவது வருபவர், புதிதாகக் கற்றுக்கொள்ளலாமா என்று நினைப்பவர், கையில் இறுக்கமாக இருப்பவர், இவர்கள்தான் போவார்கள். கோர்ட்டை அதிகமாகப் பயன்படுத்துபவர் இன்னும் வசதியாக ஆடுவார்.

கூட்டத்தைச் சமாளிக்க வேறு வழிகள் இருக்கின்றன. காத்திருப்பவர்கள் இருந்தால் 11 புள்ளி ஆட்டம் ஒன்றோடு இறங்கிவிட வேண்டும் என்ற விதி, புதியவர்களுக்குத் தனி நேரம், பேடில் வரிசைப் பலகை. செலவில்லாத இந்த வழிகளை முதலில் செய்துபார்த்துவிட்டுத்தான் காசைப் பற்றிப் பேச வேண்டும்.

பக்கத்து ஊர்க்காரர்கள்தான் வந்து அடைத்துக்கொள்கிறார்கள். அவர்களிடம் மட்டும் வாங்கினால்?

கூட்டங்களில் பலமாகக் கைதட்டு வாங்கும் யோசனை இது. ஆனால் இதற்குச் சட்டத்தில் வரம்பு உண்டு, கவுன்சில் உறுப்பினர்களே சிலசமயம் அதைக் கவனிப்பதில்லை.

1964-ன் நில, நீர்ப் பாதுகாப்பு நிதிச் சட்டத்தின்கீழ் மத்திய அரசின் பணம் ஒரு பூங்காவுக்கு வந்திருந்தால், எந்த ஊரில் குடியிருக்கிறார் என்பதை வைத்து யாரையும் வெளியே நிறுத்த முடியாது. கட்டணத்தில் வித்தியாசம் வைக்கலாம், ஆனால் வெளியூர்க்காரர் கட்டணம் உள்ளூர்க்காரர் கட்டணத்தின் இரு மடங்கைத் தாண்டக் கூடாது. உள்ளூர்க்காரருக்கு இலவசம் என்றால், வெளியூர்க்காரரிடம் வாங்குவது, அதேபோன்ற மற்ற பொது இடங்களில் அந்தந்த ஊர்க்காரர்கள் கட்டும் தொகையை மீறக் கூடாது. பூங்கா நிலங்களுக்கு மாநில அரசு பணம் கொடுக்கும் நியூ ஜெர்சியின் கிரீன் ஏக்கர்ஸ் திட்டத்திலும் இதே இரு மடங்கு வரம்பு இருக்கிறது. 1961-ல் தொடங்கிய திட்டம் அது. மாநிலத்தில் ஏராளமான டவுன்ஷிப்கள் அதில் பணம் வாங்கியிருக்கின்றன. வாங்கிய ஊர், தன் பூங்கா நிலங்களை "ரோசி" என்று சுருக்கமாகச் சொல்லும் ஒரு பட்டியலில் பதிந்திருக்கும். உங்கள் பூங்கா அதில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கடற்கரைக்குள் போகக் காசு கட்டி வாங்கும் பீச் பேட்ஜை வைத்து நடக்கும் சண்டை இந்த மாநிலத்துக்குப் பழசு. ஏவன்-பை-த-சீ என்ற கடற்கரை ஊர், வெளியூர்க்காரரிடம் கூடுதலாக வாங்கியதை எதிர்த்துப் பக்கத்து நெப்டியூன் சிட்டி வழக்குப் போட்டது. 1972-ல் மாநில உச்ச நீதிமன்றம், கடற்கரை எல்லாருக்கும் பொது, கட்டணமும் எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு கடற்கரைக்குத்தான், கோர்ட்டுக்கு நேரடியாகப் பொருந்தாது. ஆனாலும் அதன் எண்ணம் எனக்குப் பிடித்தமானது. எடிசனில் வீடு, பிஸ்கேட்டவேயில் வேலை, சவுத் பிரன்ஸ்விக்கில் நண்பர்கள் என்று வாழும் நாமே தினமும் யாரோ ஒருவருக்கு வெளியூர்க்காரர்தான்.

ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருக்கிறார்கள். கோர்ட்டில் ஆட உள்ளூர்வாசிகளுக்குக் கொடுக்கும் ரெசிடென்ட் கார்டு அவர்களுக்குக் கிடைக்குமா?

ஊருக்கு ஊர் வேறுபடும். வரைவு விதியில் இதைத்தான் நான் முதலில் தேடுவேன். ஆறு மாத விசாவில் வருபவர்களிடம் நியூ ஜெர்சி ஓட்டுநர் உரிமம் இருக்காது, மின்சார பில் அவர்கள் பெயரில் இருக்காது. "குடியிருப்புச் சான்று இரண்டு" என்று கேட்டால் அவர்கள் வெளியே நிற்க வேண்டியதுதான்.

வார நாளில் காலை பத்து மணிக்கு எந்த பிக்கிள்பால் கோர்ட்டுக்கும் போய்ப் பாருங்கள். மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின், கார் ஓட்டத் தெரியாமல், வீட்டுக்குள் டிவியோடு இருக்க வேண்டிய ஒரு பெரியவர் அங்கே நடந்து வந்து ஆடிக்கொண்டிருப்பார். எதிரில் ஒரு சீனத்துத் தாத்தா, பக்கத்தில் ஓய்வுபெற்ற ஒரு பள்ளி ஆசிரியை. பாஷை வராவிட்டாலும் ஸ்கோர் சொல்லும் அளவுக்கு ஆங்கிலம் போதும். இந்த நாட்டில் அந்தப் பெரியவருக்குச் சொந்தமாகக் கிடைத்த நட்பு அது ஒன்றுதான் என்றும் இருக்கலாம். அவரிடம் போய்க் கார்டு எங்கே என்று கேட்கும் ஏற்பாடு வரக் கூடாது. கட்டணம் வந்தே தீரும் என்றால், வீட்டுக்கு ஒரு குடும்ப அட்டை, அதில் விருந்தாளிகளும் ஆடலாம் என்று எழுதச் சொல்லி வற்புறுத்துங்கள். முதியவர்களுக்குச் சலுகை என்று மட்டும் எழுதினால் போதாது. பெரும்பாலும் அது உள்ளூர் முதியவர் என்றுதான் அர்த்தமாகும்.

குழந்தைகளுக்கு?

18 வயதுக்குக் கீழே இலவசமாகத்தான் இருக்க வேண்டும். இதில் பேரம் பேச ஒன்றுமில்லை.

கோச்சிங் கொடுப்பவர்களை என்ன செய்வது?

பெர்மிட், காப்பீடு, கட்டணம் மூன்றும் வேண்டும். ஒரு கூடை நிறையப் பந்துகளோடு வந்து, வரிசையைக் கண்டுகொள்ளாமல், பொதுக் கோர்ட்டில் மணிக்கு இவ்வளவு என்று வசூலிப்பது பொது இடத்தில் கடை போடுவதுதான். அதற்காக அவர்களை விரட்டச் சொல்லவில்லை. நல்ல கோச் ஊருக்குத் தேவை. கூட்டம் குறைந்த நேரத்தில், ஒரே ஒரு கோர்ட்டில், கட்டணம் செலுத்தி நடத்தட்டும்.

வசூலித்தால் உண்மையில் எவ்வளவு மிஞ்சும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது எந்த ஊரின் கணக்கும் இல்லை, புரிவதற்காகத்தான். வருட அட்டை 40 டாலர், 500 பேர் வாங்கினால் 20,000 டாலர். அட்டையைச் சரிபார்க்க வாயிலில் ஒருவர் வேண்டும். வாரத்துக்கு 40 மணி நேரம், 30 வாரம், மணிக்கு 16 டாலர் சம்பளம்: 19,200 டாலர். மிச்சம் 800. முன்பதிவு மென்பொருளுக்கும் அட்டை அச்சிடவும் அதுவே போதாது.

ஆளை வைக்காமல் நம்பிக்கையின் பேரில் விட்டால் பலர் கட்டமாட்டார்கள், கட்டியவர்களுக்கு எரிச்சல் வரும். மின்பூட்டு வைத்தால் பூட்டின் விலையும் பழுதும் சேரும். பூங்காவில் ஒரு கோர்ட்டைச் சுற்றிப் பூட்டிய வேலி நிற்கும். அதனால் கட்டணத் தீர்மானத்தைக் கொண்டுவருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது, "வசூல் செலவு போக எவ்வளவு நிற்கும்?" முன்பதிவுக்கும் பெர்மிட்டுக்கும் மட்டும் வாங்கினால் இந்தச் சிக்கல் குறைவு. பணம் கட்டியவர் தன் நேரத்துக்கு வந்து கேட்பார், அவரே காவல்.

டவுன்ஷிப்புக்குத் தலைவலி வேண்டாம், தனியாரிடம் கொடுத்துவிடலாமே?

தனியார் நடத்தினால் எப்படி இருக்கும் என்பதற்கு நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் இருக்கும் வோல்மன் ரிங்க் என்ற பனிச்சறுக்கு அரங்கைச் சொல்லலாம். 2023-ல் அங்கே 14 கோர்ட் போட்டார்கள். தரை நன்றாக இருந்தது, ஏற்பாடும் நன்றாக இருந்தது. கோர்ட் வாடகை மணிக்கு 80-லிருந்து 120 டாலர் வரை. நான்கு பேர் பிரித்தாலும் தலைக்கு 20-லிருந்து 30 டாலர். இடம் பொதுப் பூங்கா, விலை மட்டும் தனியார் கிளப்.

நம் ஊரிலும் இந்தச் சண்டை நடந்திருக்கிறது. 2024 அக்டோபர் கடைசியில் சென்னை மாநகராட்சி மன்றம், செயற்கைப் புல்தரை போட்ட ஒன்பது கால்பந்துத் திடல்களைத் தனியார் பராமரிப்புக்கு விடத் தீர்மானம் போட்டது. ஆடுபவரிடம் மணிக்குத் தலைக்கு 120 ரூபாய் வாங்கலாம் என்று இருந்தது. வியாசர்பாடி மாதிரி, கால்பந்தே மூச்சாக இருக்கும் வடசென்னைப் பகுதிப் பையன்களிடம் மணிக்கு 120 ரூபாய்! கட்சி வேறுபாடில்லாமல் எதிர்ப்புக் கிளம்பியது. உடனே தீர்மானத்தைத் திரும்பப் பெற்று, மாநகராட்சியே பராமரிக்கும், இலவசமாகவே ஆடலாம் என்று அறிவித்தார்கள். எதிர்த்தவர்கள் கேட்டது சாதாரணக் கேள்விதான்: எங்கள் தெருத் திடலில் நாங்கள் ஆட எதற்குக் காசு?

சத்தத்துக்கும் கட்டணத்துக்கும் என்ன சம்பந்தம்?

கெட்டியான பேடிலில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்து படும்போது வரும் "டொக்" சத்தம் டென்னிஸ் சத்தத்தைவிடக் கூர்மையானது, அடிக்கடி வருவது. பக்கத்தில் குடியிருப்பவர்களின் வேதனை உண்மையானது, அதைக் கேலி செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் சத்தத் தடுப்புத் திரை, நேரக் கட்டுப்பாடு, வீடுகளிலிருந்து தள்ளி இடம் தேர்வு இவைதான் அதற்குத் தீர்வு. கட்டணம் போட்டால் சத்தம் குறையாது, காசு கட்டியவர் இன்னும் உரிமையோடு அடிப்பார். திரைக்குப் பணம் வேண்டும் என்றால் அதை அதற்கென்று தனியாகக் கேட்கட்டும்.

நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். கூட்டத்தில் பேசலாமா?

தாராளமாகப் பேசலாம். ஓட்டுப் போடத்தான் குடியுரிமை வேண்டும். நியூ ஜெர்சியின் திறந்த பொதுக்கூட்டச் சட்டப்படி டவுன்ஷிப் கவுன்சில் ஒவ்வொரு கூட்டத்திலும் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்க வேண்டும். பெரும்பாலும் ஆளுக்கு மூன்றிலிருந்து ஐந்து நிமிடம். எழுதி வைத்துப் படிக்கலாம், உச்சரிப்பைப் பற்றிக் கவலையே வேண்டாம். இந்தத் தயக்கத்தால்தான் கோர்ட்டில் பாதிப் பேர் நாமாக இருந்தும் கூட்டத்தில் ஒருவரும் இல்லாமல் போகிறோம்.

முதலில் பூங்கா டவுன்ஷிப்புடையதா, கவுன்டியுடையதா என்று பாருங்கள். கவுன்டி என்றால் போக வேண்டியது கவுன்டி ஆணையர்கள் கூட்டத்துக்கு. கட்டணம் ஆர்டினன்ஸாக, அதாவது ஊர்ச் சட்டமாக வந்தால் முதல் வாசிப்பு, பொது அறிவிப்பு, அப்புறம் பொது விசாரணையோடு இரண்டாம் வாசிப்பு என்று வரும். முதல் வாசிப்பிலேயே போய்ச் சொன்னால் வரைவைத் திருத்த இடம் இருக்கும். இரண்டாம் வாசிப்பன்று பெரும்பாலும் மனதை முடிவு செய்துவிட்டு வந்திருப்பார்கள்.

எங்கள் ஊரில் ஏற்கெனவே கட்டணம் வந்துவிட்டது. இனி என்ன செய்வது?

கணக்கைக் கேளுங்கள். ஓப்ரா என்று சொல்லும் பொது ஆவணச் சட்டத்தின்கீழ், எவ்வளவு வசூலானது, எந்தக் கணக்கில் போனது, கோர்ட்டுக்கு எவ்வளவு செலவானது என்ற ஆவணங்களுக்கு நகராட்சி எழுத்தரிடம் விண்ணப்பிக்கலாம். பொதுவாக ஏழு வேலை நாளுக்குள் பதில் வர வேண்டும். பணம் பொது நிதியில் கரைந்துபோயிருந்தால், கோர்ட்டுக்கென்று தனிக் கணக்கு வைக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு வருடத் தாள்கள் கையில் இருந்தால், கட்டணத்தை முன்பதிவுக்கு மட்டும் சுருக்கும் திருத்தத்தை ஆதரிக்க ஒரு கவுன்சில் உறுப்பினரையாவது கண்டுபிடிக்கலாம். பெரும்பாலான டவுன்ஷிப்களின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி, பட்ஜெட் வசந்த காலத்தில் விவாதத்துக்கு வருகிறது. விண்ணப்பத்தை டிசம்பரிலேயே போட்டுவிடுங்கள்.